கொல்லாமை வீட்டு வாசலோடு நின்றுவிடலாமா?

உயிர்களிடம் இரக்கம் கொள்ள வேண்டும் என்பதை நம் சமயத்தாருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பொழுது சாய்வதற்குள் உணவை முடித்துக்கொள்வதும், நீரை வடிகட்டிப் பருகுவதும், தேனை விலக்குவதும், நடக்கும் பாதையில் எறும்பு ஊர்கிறதா என்று பார்த்துக் கால் வைப்பதும் நம் முன்னோர் வழிவழியாக நமக்கு ஈந்த பழக்கங்கள். பிற சமயத்து அன்பர்களும் இவற்றைக் கண்டு நம்மை மதிக்கின்றனர். ஆயினும், எறும்புக்கு இரங்கும் அதே வீட்டினுள், சொல் தடித்துவிட்டது என்ற காரணத்திற்காக மனைவியின் கன்னத்தில் அறை விழுமானால், மதிப்பெண் குறைந்தது என்ற காரணத்திற்காகப் பிள்ளையின் முதுகில் இடைவார் பதியுமானால், அந்த வீட்டில் கொல்லாமை நோன்பு விளங்குகிறது என்று நாம் சொல்லிக்கொள்ளலாமா? இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா இதுவே.

"நம் வீடுகளில் அவ்வாறெல்லாம் நடப்பதில்லை; குடித்துவிட்டு வருகின்றவர்கள் வீட்டில்தான் நடக்கும்" என்று சிலர் கூறக்கூடும். இந்த எண்ணத்தை முதலில் ஆராய்வோம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்களுள் 29.3 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். நம் தமிழ்நாட்டில் அந்த அளவு 38.1 விழுக்காடு. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னிற்கும் மாநிலம் என்று நாம் பெருமைப்படுகிறோம். இதில் மட்டும் நாட்டின் சராசரியைக் காட்டிலும் பின்தங்கி நிற்கிறோம். அடிக்கடி குடித்து மயங்கும் கணவரைப் பெற்ற பெண்களுள் 100-க்கு 70 பேர் வன்முறையை அனுபவித்துள்ளனர் என்று அதே ஆய்வு கூறுகிறது. மது கொடியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். மதுவைத் தொடாத கணவரைப் பெற்ற பெண்களுள்ளும் 100-க்கு 23 பேர் அடிபட்டிருக்கின்றனர். ஆகவே, மது இல்லாத வீடு அடி இல்லாத வீடாகத்தான் இருக்கும் என்று நாம் அமைதி கொள்வதற்கு இடமில்லை.

"அப்படி நடந்திருந்தால் நம் காதுக்கு எட்டியிருக்குமே" என்பது மற்றொரு விடை. அந்த ஆய்வின்படி, வன்முறைக்கு ஆளான பெண்களுள் 100-க்கு 77 பேர் உதவி நாடவும் இல்லை; ஒருவரிடமும் வாய்திறக்கவும் இல்லை. சிறிய சமூகமாகிய நம்மிடையே இந்த மௌனம் இன்னும் அடர்த்தியானது. எல்லோரும் எல்லோருக்கும் உறவினர். பெண் கொடுத்து பெண் எடுத்தவர்கள். ஒரு வீட்டுச் செய்தி வெளியே வந்தால் மூன்று வீட்டுச் சம்பந்தம் கெடும் என்ற அச்சம் வாயைப் பூட்டிவிடுகிறது. காதுக்கு எட்டாதது நடக்காதது ஆகிவிடாது.

நூல்கள் வகுத்த ஐந்து குற்றங்கள்

நம் ஆசாரியர்கள் அகிம்சை என்பதை வெறும் பொதுச்சொல்லாக விட்டுவிடவில்லை. இல்லறத்தாரின் அணுவிரதத்திற்கு எவையெவை இழுக்கு என்று எண்ணி வைத்திருக்கின்றனர். உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து எனக் கூறுகிறது. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்புச் சிதைத்தல், தாங்கவொண்ணாத பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டகத்தைப் பின்பற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தாருக்கு இந்த ஒழுக்கங்களையே உணர்த்துகிறது.

இவ்வைந்தையும் விளக்கும்போது வண்டி மாட்டையும் ஏர் மாட்டையும் உவமை காட்டுவது உரையாசிரியர் வழக்கு. மாடு கட்டிய வீடுகள் இன்று நம்மில் அருகிவிட்டன. அதனால் இக்குற்றங்கள் நம்மை விட்டு நீங்கிவிட்டன என்று கருதலாமா? வாயில்லாத மாட்டிற்கு இழைக்கக்கூடாத ஒன்றை வாயுள்ள மனிதருக்கு இழைக்கலாம் என்று எந்த ஆசாரியரும் கூறவில்லை. எனவே இந்த ஐந்தையும் நம் வீட்டுக் கூடத்திலும் சமையலறையிலும் வைத்துப் பார்ப்போம்.

மனைவியைத் தாய்வீட்டிற்குப் போகவிடாமல் தடுப்பதும், கைப்பேசியைப் பறித்துக்கொள்வதும், சம்பள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதும், பிள்ளையை அறையில் இட்டுப் பூட்டுவதும் கட்டி வைத்தலாகும். அடித்தலுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. உறுப்புச் சிதைத்தல் நம்மிடம் இல்லை என்று சொல்வோம். செவிப்பறையில் விழும் ஓர் அறை கேட்கும் ஆற்றலைக் குறைத்துவிடக்கூடும் என்பதை நினைவிற்கொள்வோம். ஆலை வேலை முடித்து வரும் பெண்ணின் மேலேயே சமையல், பாத்திரம், துணி, பிள்ளையின் பாடம், மாமியாரின் மருந்து ஆகிய யாவற்றையும் சுமத்திவிட்டு, அவற்றுள் ஒன்று தவறியதற்குக் கடிந்துகொள்வது தாங்கவொண்ணாத பாரம் ஏற்றுதல். பத்து வயதுக் குழந்தையை விடியற்காலை ஒரு டியூஷனுக்கும் மாலையில் ஒரு டியூஷனுக்கும் ஓட்டுவதும் அதுவே. "கணக்கை முடிக்கும் வரையில் உனக்குச் சாப்பாடு கிடையாது" என்பது ஐந்தாவது குற்றம். இப்படி அடுக்கிப் பார்க்கும்போது, நம் நூல்கள் குடும்ப வன்முறையைப் பற்றிப் பேசவில்லை என்று எவர் கூற முடியும்?

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதே முடிவிற்கு வந்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடலைத் துன்புறுத்துவது, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் துன்புறுத்துவது, பொருளாதார வகையில் ஒடுக்குவது ஆகிய நான்கையும் வன்முறை என்றே வரையறுக்கிறது.

நம் புராணத்தில் வரும் சந்தனையின் வரலாற்றையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். அரசகுமாரியாகப் பிறந்த அவள், பிரிந்து அலைந்து, கௌசாம்பி நகரத்து வணிகர் ஒருவரின் வீட்டில் அடைக்கலம் புகுந்தாள். அவ்வீட்டுத் தலைவி ஐயமும் பொறாமையும் கொண்டு அவளைத் தளையிட்டாள். நல்லுணவு தராமல் வாட்டினாள். தளையுண்டு நின்ற அந்தப் பெண்ணின் கையிலிருந்துதான் மகாவீரர் ஆகாரம் ஏற்றார். பின்னாளில் அவருடைய சங்கத்தில் துறவியரான பெண்களுக்கெல்லாம் அவளே தலைவியானாள். இவ்வரலாற்றைக் கேட்டுப் பக்தியால் உருகுகிற நாம், துன்பம் நிகழ்ந்த இடம் சிறைச்சாலையோ போர்க்களமோ அன்று, மதிப்புள்ள ஓர் இல்லறத்தாரின் வீடு என்பதைக் கவனிப்பதில்லை. துன்புறுத்தியவள் ஒரு பெண் என்பதையும் கவனிப்பதில்லை. வீட்டு வன்முறை ஆண் கை வழியாக மட்டும் வருவதில்லை. அதிகாரம் எவர் கையில் இருக்கிறதோ அவர் கை வழியாக வருகிறது. கணவனிடமிருந்து மனைவிக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும், அவ்விருவரிடமிருந்தும் குழந்தைக்கும் அது படிப்படியாக இறங்குகிறது. குழந்தைக்குக் கீழே எவரும் இல்லை.

"நன்மைக்காகத்தானே அடிக்கிறேன்?"

அடிப்பவர் கூறும் காரணங்களுள் மிகவும் வலிமையானது இதுவே. ஆகவே இதனை எளிதாகத் தள்ளிவிடாமல் நேர்மையாக ஆராய வேண்டும். மருத்துவர் கத்தி கொண்டு அறுக்கிறார், நோயாளிக்கு வலிக்கிறது, ஆனால் அதனை இம்சை என்று நம் ஆசாரியர்கள் சொல்வதில்லை, ஏனெனில் அங்கே கருத்து நன்மையில் இருக்கிறது. அதுபோலவே பெற்றவர் அடிக்கும் அடியும் என்பது வாதம்.

இம்சை என்பது வெறும் செயல் அன்று. கஷாயத்தோடும் கவனமின்மையோடும் கூடிய மனநிலையினால் உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்பது சூத்திரத்தின் கருத்து. இந்த அளவுகோலைக் கொண்டே பார்ப்போம். மருத்துவர் கோபத்தோடு அறுப்பதில்லை. அறுக்க வேண்டிய இடத்தையும் அளவையும் முன்கூட்டியே ஆராய்ந்து வைத்திருக்கிறார். இரவு முழுவதும் கண் விழித்த களைப்போடு கத்தியை எடுப்பதில்லை. பெற்றவர் கை ஓங்கும் வேளை எது? பெரும்பாலும் களைப்பும் கடன் தொல்லையும் அவமானமும் சேர்ந்த வேளை. அதே குறும்பைப் பிள்ளை ஒரு பண்டிகை நாளில் செய்தால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறோம். மாதக் கடைசியில் செய்தால் அடிக்கிறோம். பிழை ஒன்று, தண்டனை இரண்டு என்றால், அந்தத் தண்டனையை அளந்தது பிள்ளையின் பிழையா, நம் கோபமா?

"கோபத்தில் கை தானாகவே ஓங்கிவிடுகிறது, என்னால் கட்டுப்படுத்த முடிவதில்லை" என்பார் சிலர். ஆலையில் மேற்பார்வையாளர் பத்துப் பேர் முன்னிலையில் கடிந்து பேசும்போதும் கோபம் வருகிறது. அப்பொழுது கை ஓங்குவதில்லை. வங்கியில் அதிகாரி அலைக்கழிக்கும்போதும் ஓங்குவதில்லை. வீட்டிற்குள் நுழைந்து, திருப்பி அடிக்க இயலாதவர் முன்னே நிற்கும்போது மட்டும் ஓங்குகிறது. யார் மேல் பாயலாம், யார் மேல் பாயக்கூடாது என்று இவ்வளவு தெளிவாகத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த கோபத்தைக் கட்டுக்கடங்காதது என்று சொல்வது பொருந்தாது.

இல்லறத்தாருக்கு இம்சையை நான்காக வகுத்திருக்கின்றனர். சமையல் முதலிய வீட்டு வேலைகளில் தவிர்க்க இயலாதது ஆரம்ப இம்சை. பிழைப்புக்கான தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. எண்ணிச் செய்வது சங்கல்ப இம்சை. இவற்றுள் முதல் மூன்றும் இல்லறத்தாரால் முற்றும் விலக்க இயலாதவை; நான்காவதை முற்றும் விலக்கியே ஆக வேண்டும். மனைவியை அடிப்பது சமையல் அன்று, தொழில் அன்று, தற்காப்பும் அன்று. எஞ்சி நிற்பது எது என்பதை அவரவரே உணர்ந்துகொள்ளலாம். மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே யசோதரனும் அவன் தாயும் பிறவிதோறும் விலங்குகளாய்ப் பிறந்து துன்புற்றனர் என்கிறது யசோதர காவியம். அங்கே ஓர் உயிரும் சாகவில்லை. எண்ணம் ஒன்றே வினையைக் கட்டியது. மாவுக்கோழிக்கே அவ்வாறாயின், வலியை உணரும் குழந்தையின் உடலைப் பற்றி என்ன சொல்வது?

வகுப்பறை கற்பித்த பாடம்

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியல் ஒரு பாடமாகவே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. தண்டனை ஒரு செயலை நிறுத்தும், ஆனால் மாற்றுச் செயலைக் கற்பிக்காது என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. நாற்பது, ஐம்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்புகளில் பல ஆண்டுகள் பணியாற்றியபோது இதன் உண்மை எனக்கு நாள்தோறும் விளங்கிற்று. அடிக்கு அஞ்சும் பிள்ளை வீட்டுப்பாடத்தைக் கற்பதில்லை; வீட்டுப்பாட நோட்டை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. பெற்றோரின் கையொப்பத்தைத் தானே இடக் கற்றுக்கொள்கிறது. அடி மிகுந்த வீட்டுப் பிள்ளையை வகுப்பில் அடையாளம் காண்பது அரிதன்று. ஆசிரியர் கரும்பலகையைத் துடைக்கக் கையை உயர்த்தினாலே தோளைக் குறுக்கிக்கொள்ளும். அல்லது இடைவேளையில் தன்னினும் சிறிய பிள்ளையை அடித்துக்கொண்டிருக்கும்.

ஆராய்ச்சியாளரும் இதனை உறுதிப்படுத்தியுள்ளனர். அமெரிக்கப் பேராசிரியர்களான எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் ஆகிய இருவரும் ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த 75 ஆய்வுகளை, 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய செய்திகளை, ஒன்றுதிரட்டி 2016-இல் வெளியிட்டனர். கையால் அடித்து வளர்க்கப்பட்ட பிள்ளைகளிடம் கீழ்ப்படிதல் வளர்ந்ததற்குச் சான்று கிட்டவில்லை. முரட்டுத்தனமும் மனச்சோர்வும் பெற்றோரோடு கசப்பும் மிகுந்திருந்தமையே தெரியவந்தது.

தமிழ்நாட்டில் கல்வி விதிகளின் 51-ஆம் விதி 2003-இல் திருத்தப்பட்டுப் பள்ளியில் உடல் தண்டனை விலக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் அதனை நாடு முழுவதற்கும் விதித்தது. ஆசிரியர் கையிலிருந்து பிரம்பு இறங்கிவிட்டது. ஆனால் "நீங்கள் அடிக்காவிட்டால் நாங்களாவது அடிக்கிறோம்" என்று பெற்றோர் அதனை எடுத்துக்கொண்டதைப் பல ஊர்களில் காண்கிறோம். நம் நாட்டில் வீட்டினுள் பிள்ளையை அடிப்பதை முற்றாகத் தடைசெய்யும் தனிச்சட்டம் இல்லை. கொடுமை என்னும் அளவை எட்டினால்தான் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு குறுக்கிடும். சுவீடன் நாடு 1979-இலேயே வீட்டிலும் பிள்ளைகளை அடிக்கலாகாது என்று சட்டம் இயற்றியது. அச்செய்தியைப் பால் உறைகளில் அச்சிட்டு வீடுதோறும் சேர்த்தது. நம் அண்டை நாடாகிய நேபாளமும் 2018-இல் அவ்வாறே சட்டம் செய்தது. அணுவிரதத்தைத் தந்த சமயத்தைச் சார்ந்த நாம், சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

கண்டிப்பே வேண்டா என்பது இதன் பொருளன்று. எல்லை இல்லாத வீட்டில் வளரும் பிள்ளையும் துன்புறும். கண்டிப்பு வேறு, அடி வேறு. விதிகள் சிலவாக இருக்கட்டும். அவை இன்றும் நாளையும் மாறாமல் இருக்கட்டும். பிழைக்கும் விளைவுக்கும் தொடர்பு இருக்கட்டும். நீரைக் கொட்டியவன் துடைக்கட்டும், தங்கையின் பொம்மையை உடைத்தவன் ஒட்டித் தரட்டும். எட்டத்திலிருந்து கத்துவதைவிட அருகில் சென்று பெயர் சொல்லித் தாழ்ந்த குரலில் கூறுவது பயன் தரும் என்பது வகுப்பறையில் நாங்கள் கண்ட உண்மை. நற்செயலைக் கண்டவுடன் அதனைப் பெயரிட்டுப் பாராட்டுவது நூறு கடுஞ்சொற்களைவிட மிகுதியாகத் திருத்தும். கோபம் தலைக்கேறியதை உணர்ந்தால், பெரியவரே அந்த இடத்தைவிட்டு அகன்று ஒரு முறை பஞ்சநமஸ்காரத்தை மனத்துள் சொல்லிவிட்டுத் திரும்பலாம். சாமாயிகம் என்பது பூசை அறைக்கு மட்டும் உரிய பயிற்சி அன்று.

இரண்டிற்கும் வேர் ஒன்றே

மனைவியை அடிப்பதையும் பிள்ளையை அடிப்பதையும் தனித்தனிச் சிக்கல்களாகவே நாம் பேசி வருகிறோம். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. தாய் அடிபடுவதைக் கண்டு வளர்ந்த பெண், பிற்காலத்தில் தானும் கணவரிடம் அடிபடும் வாய்ப்பு மிகுதி என்பதைக் குடும்ப நல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. "கைக்கு எட்டியவரை அடித்துத் திருத்தலாம்" என்ற பாடத்தை மகன் கற்றுக்கொள்கிறான். "அன்புள்ளவர் அடிப்பது இயல்பு" என்ற பாடத்தை மகள் கற்றுக்கொள்கிறாள். நாட்டில் சில காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது தகும் என்று ஐந்தாவது ஆய்வில் கூறியவர்களுள் ஆண்கள் 100-க்கு 44 பேர். பெண்கள் 100-க்கு 45 பேர். அடிபடும் பக்கத்தவரும் அதனை நியாயம் என்று சொல்லும்படி அந்தப் பாடம் எங்கே கற்பிக்கப்பட்டது? குழந்தைப் பருவத்தில், வீட்டில்தான்.

நான் வசிக்கும் மண்ணூர் திருப்பெரும்புதூர் வட்டத்தைச் சேர்ந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது முதலும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது முதலும், ஏரியும் நெல்வயலுமாக இருந்த இவ்வட்டாரத்தின் முகம் மாறிவிட்டது. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிழைப்பிற்காக வந்த இளங்குடும்பங்கள், நம்மவர் சிலரும் உட்பட, இங்கே ஒற்றை அறையும் சமையலறையும் கொண்ட வாடகைப் பகுதிகளில் வசிக்கின்றனர். இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வந்து படுக்கும் தகப்பனுக்கு உறக்கம் வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கு விளையாட்டு வேண்டும். இரண்டிற்கும் இருப்பது ஒரே அறை. ஊரில் இருந்தால் குழந்தையைப் பாட்டி தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போயிருப்பாள். கை ஓங்கினால் பெரியப்பா அதட்டியிருப்பார். இங்கே சுவருக்கு அப்பால் இருப்பவர் வேறு ஊரார். "அவர்கள் வீட்டு விவகாரம்" என்று தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொள்கிறார். களைப்பு குற்றத்தை நியாயப்படுத்தாது. ஆனால் எந்த வேளையில் தீ பற்றும் என்பதை அறிந்தவரே முன்கூட்டி நீர் எடுத்து வைக்க முடியும். பக்கத்து வீட்டு மூத்தவர் ஒருவர் காலை இரண்டு மணி நேரம் அந்தக் குழந்தையைத் தம்மிடம் வைத்துக்கொள்வது சிறிய உதவிபோல் தோன்றும். அந்த வீட்டில் அன்று விழவிருந்த அடியை அது தடுத்துவிடக்கூடும்.

பழக்கம் மாறக்கூடியதே என்பதற்கு ஆப்பிரிக்காவின் ருவாண்டா நாடு நல்ல சான்று. இனப்படுகொலையைக் கண்டு எழுந்த நாடு அது. அங்கே பண்டெபெரெஹோ, அதாவது முன்மாதிரி, என்னும் பெயரில் இளந்தந்தையரைக் குழுக்களாகக் கூட்டிப் பதினைந்து அமர்வுகளில் பேசினர். அவற்றுள் எட்டு அமர்வுகளில் மனைவியரும் உடனிருந்தனர். குழந்தை வளர்ப்பு, வீட்டு வேலையைப் பகிர்தல், சேர்ந்து முடிவெடுத்தல், கோபத்தைக் கையாளுதல் ஆகியவையே பேசுபொருள்கள். ஏறத்தாழ 1,200 இணையரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டனர். அமர்வுகளில் சேராத பிரிவில் ஓராண்டிற்குள் கணவரிடம் அடிபட்டதாகக் கூறிய பெண்கள் 100-க்கு 57 பேர். சேர்ந்த பிரிவில் 33 பேர். பிள்ளைகளை அடிப்பதும் குறைந்தது. மனைவியைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் ஒரே அமர்வில் பேசியதாலேயே இரண்டும் சேர்ந்து குறைந்தன என்பது நாம் கருத்தில் கொள்ளத்தக்கது.

பொறுமை யாருக்குரிய அறம்?

அடிபட்ட பெண் பெரியவர்களிடம் வந்து அழும்போது நம்மிடையே வழங்கும் ஆறுதல்கள் இரண்டு. ஒன்று, "உன் வினைப்பயன் அம்மா, அனுபவித்துக் கழித்துவிடு" என்பது. மற்றொன்று, "பொறுமையே பெண்ணுக்கு அழகு" என்பது. இரண்டும் அறம் போலத் தோன்றி அறத்தைத் தலைகீழாக்குபவை.

துன்பம் வந்தவருக்கு அவர் முன்வினை காரணமாக இருக்கலாம். அதனால் துன்பம் செய்தவருக்கு உரிமைச்சீட்டு கிடைத்துவிடாது. பிறர்க்குத் துன்பமும் துயரமும் அழுகையும் விளைவிப்பவன் அசாதா வேதனீய வினையைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறான் என்பது நம் சூத்திரம் தெளிவாகக் கூறுவது. அப்படியிருக்க, வினைக் கோட்பாட்டை அடிபட்டவளிடம் மட்டும் ஓதி, அடித்தவனிடம் ஓதாமல் விடுவது எவ்வாறு முறையாகும்? மேலும், வீடு தீப்பற்றினால் வினைப்பயன் என்று நாம் உட்கார்ந்திருப்பதில்லை, நீரூற்றுகிறோம்.

பத்து அறங்களுள் முதலாவதாகிய உத்தம க்ஷமை, கோபம் கொள்ளக் காரணமும் வலிமையும் இருந்தும் அடங்கி நிற்பது. அது கை ஓங்கக் கூடியவனுக்கு உரிய அறம். போக்கிடம் இல்லாதவளின் மௌனத்திற்கு க்ஷமை என்று பெயரிடுவது, பசியால் வாடுபவனைப் பார்த்து உபவாசம் இருக்கிறான் என்று புகழ்வதை ஒக்கும். மன்னிப்பு நாளில் "அறிந்தும் அறியாமலும் செய்த பிழையைப் பொறுத்தருள்க" என்று உறவினர் அனைவரையும் கைகூப்பிக் கேட்கிறோம். அந்தக் கைகூப்பு முதலில் தம் வீட்டு அடுக்களைக்கும் பிள்ளையின் படிப்பு மேசைக்கும் செல்லட்டும். கேட்ட பின் கை மீண்டும் ஓங்காதிருந்தால்தான் அது பிரதிக்கிரமணம். மறுவாரமே ஓங்கினால் அது வெறும் சொல்.

காவல் நிலையத்திற்குச் செல்வது சமயத்திற்கு ஒவ்வாது என்று அஞ்சுவோரும் உளர். தன்னையும் தன் பிள்ளையையும் காத்துக்கொள்வது விரோத இம்சையின் எல்லைக்குள் இல்லறத்தாருக்கு அனுமதிக்கப்பட்டதே. அதிலும், சட்டத்தை நாடுவதில் ஓர் உயிருக்கும் ஊறு இல்லை. 2005-ஆம் ஆண்டின் சட்டம் முதன்மையாகத் தருவது பாதுகாப்பு உத்தரவும், அதே வீட்டில் வசிக்கும் உரிமையும், பராமரிப்புத் தொகையுமே ஆகும். உத்தரவை மீறினால்தான் சிறைத்தண்டனை. ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கெனப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையம் இன்று திருப்பெரும்புதூர் வரை பரவியிருக்கிறது. பெண்களுக்கு 181 என்ற எண்ணும், குழந்தைகளுக்கு 1098 என்ற எண்ணும் இரவு பகல் இயங்குகின்றன. இவ்விரண்டு எண்களையும் நம் ஆலயங்களின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதால் ஆலயத்தின் தூய்மை குறைந்துவிடாது.

சமூகப் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சமாதானம் செய்யும்போது "இருவரும் விட்டுக்கொடுங்கள்" என்ற வாய்ப்பாட்டை விட்டுவிடுங்கள். அடித்தவரும் அடிபட்டவரும் சமமாக விட்டுக்கொடுக்க அங்கே எதுவும் இல்லை. முதலில் அந்தப் பெண்ணைத் தனியே அமர்த்திக் கேளுங்கள். கணவனும் மாமியாரும் உடனிருக்கும்போது அவள் உண்மை பேச மாட்டாள். அவள் கூறியதை அடுத்த வீட்டிற்குக் கொண்டு செல்லாதீர்கள். மணம் பேசும்போது படிப்பையும் சம்பளத்தையும் ஜாதகத்தையும் விசாரிக்கும் நாம், மாப்பிள்ளை தன் தாயிடமும் தங்கையிடமும் எப்படிப் பேசுகிறார் என்பதையும் விசாரிக்கலாம். பெண்ணை அனுப்பும்போது "இனி அதுதான் உன் வீடு" என்று சொல்வதோடு, "இதுவும் என்றும் உன் வீடுதான்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போக்கிடம் உண்டு என்று தெரிந்த பெண்ணின் மேல் கை ஓங்குவதற்கு எவரும் சற்றுத் தயங்குவர்.

பாடசாலைகளிலும் கோடை முகாம்களிலும் நம் பிள்ளைகளுக்கு ஐந்து அணுவிரதங்களை மனப்பாடம் செய்விக்கிறோம். அவர்கள் ஒப்புவிக்கும்போது மகிழ்கிறோம். அகிம்சை என்றால் என்ன என்று நூலைப் பார்த்து அவர்கள் கற்பது சிறிதளவே. சோறு குழைந்துவிட்ட நாளில் தந்தை என்ன சொன்னார், பால் பொங்கி வழிந்த நாளில் தாய் என்ன செய்தாள், தாம் தோற்று வந்த நாளில் வீட்டில் எந்த முகம் தம்மை எதிர்கொண்டது என்பவற்றிலிருந்தே மீதி யாவற்றையும் கற்றுக்கொள்கின்றனர். அந்தப் பாடத்தை நாள்தோறும் நடத்தும் ஆசிரியர்கள் நாமே. அதில் நாம் கற்பிப்பது கொல்லாமையாக இருக்கட்டும்.